பழைய டர்போ வேகன்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் 9 ஆண்டுகளாக ஒரு டர்போ டீசல் வேகன் (கூரை பின்வரை நீண்டு, இருக்கைப் பகுதியும் டிக்கியும் ஒன்றாக இருக்கும் கார்) நிற்கிறது. வாங்கும்போதே அது பழைய வண்டி. களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்திருக்கிறது. ஊர்க் கோயில் கொடைக்குப் பாட்டி முதல் பேரன் வரை ஏற்றிப் போயிருக்கிறது. நான் மெக்கானிக் இல்லை. பட்டறையில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கப் பொறுமை இல்லாமல், எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவன். இதே வகை வண்டியை வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

நம் நாட்டில் வேகன் என்றைக்குமே அதிகம் விற்றதில்லை. 1992இல் டாடா எஸ்டேட் வந்தது; 2004இல் இண்டிகோ மரீனா வந்தது; அதே காலத்தில் ஸ்கோடா ஆக்டேவியா காம்பியும் ஓடியது. "பின்னால் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே" என்று முகம் சுளித்தவர்களே அதிகம். அதனால்தான் இன்றைக்குக் கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் கடைகளில், மலிவாகக் கிடைக்கிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்தப் பழைய டர்போ டீசல் காருக்கும் பொருந்தும். வேகனுக்கு மட்டும் உரியதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

டர்போ என்னதான் செய்கிறது?

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சிறிய விசிறியைச் சுற்றுகிறது. அந்த விசிறியின் தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப டீசலும் கூடுதலாக எரியும், இழுவையும் கூடும். 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்ற எண்ணம் இது.

மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது குண்டு பேரிங் கிடையாது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டு சுழல்கிறது. எண்ணெய் ஒரு கணம் தவறினாலும், அழுக்கானாலும் முதல் அடி அந்தத் தண்டுக்குத்தான். நான் பார்த்த செத்த டர்போக்களில் தானாகச் செத்தது அநேகமாக ஒன்றுகூட இல்லை. கெட்ட எண்ணெயோ, அடைத்த குழாயோ, கிழிந்த ஏர் ஃபில்டரோ அதைக் கொன்றிருக்கும். கொன்றதை விட்டுவிட்டுப் புது டர்போ போட்டால் அதுவும் சாகும்.

மேட்டில் இழுக்கவில்லை. டர்போ போய்விட்டதா?

வாங்கிய முதல் ஆண்டில் எனக்கும் இதே கேள்வி. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏற வேண்டிய வண்டி, இரண்டாவதில் முனகியது. பின்னால் கரும்புகை. ஒரு பட்டறையில் போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "டர்போ காலி" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி, வண்டி வாங்கிய விலையில் கால்வாசியைக் கேட்டார்கள்.

மனது கேட்காமல் இன்னொரு பட்டறைக்குப் போனேன். வயதான மெக்கானிக். எஞ்சினை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்றார். காற்று உள்ளே போகும் குழாயின் வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தார். மூடியின் நடுவில் ட்யூப் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார். டயருக்குக் காற்றடிக்கும் கருவியை அதில் மாட்டி, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டார். பிறகு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஹோஸ் மீதும் தடவிக்கொண்டே போனார். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து மேலே ஏறும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்கே தெரியாத மடிப்பில், நுரை பொங்கியது. விரலால் விரித்துக் காட்டினார். ஒரு அங்குல நீளக் கிழிசல். எஞ்சின் சும்மா ஓடும்போது அது வாயை மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் டர்போ அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். டர்போ அழுத்திய காற்றெல்லாம் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. டீசல் மட்டும் முழு அளவில் போயிருக்கிறது, அதுதான் கரும்புகை.

ஹோஸும் இரண்டு கிளிப்பும் சில நூறு ரூபாயில் முடிந்தன.

ஆகவே இழுவை குறைந்தால் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் ஏர் ஃபில்டர், பிறகு ஹோஸ்களும் கிளிப்புகளும், பிறகு டீசல் ஃபில்டர், பிறகு டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் பென்சில் கனமுள்ள வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) குழாய்கள். இவை நான்கும் சரி என்று தெரியும்வரை டர்போவைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். ஏற்றத்தில் "உஸ்ஸ்" என்று காற்றுப் போகும் ஓசை கேட்டால் ஹோஸ் என்று முக்கால்வாசி முடிவு செய்யலாம். சைரன் ஊதுவது போன்ற கூரிய ஓசை புதிதாகக் கேட்டால்தான் டர்போ மீது சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் டர்போவை இயக்கும் வேக்குவமும் ஒரே பம்ப்பிலிருந்து வருகின்றன. இழுவை குறைந்த அதே நாளில் பிரேக் பெடலும் கல்லாக இருந்தால் அந்தப் பம்ப்பையும் குழாய்களையும் பாருங்கள். இதை ஒத்திப் போடக் கூடாது.

நாற்கர சாலையில் முந்தும்போது திடீரென்று அடங்கிவிடுகிறது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. பேயா?

நாங்குநேரி தாண்டி லாரியை முந்தும்போது வண்டி கையை விரித்த அனுபவம் எனக்கும் உண்டு. உள்ளே சிறு இதழ்கள் நகரும் வகை டர்போ உங்களுடையதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் புகைக்கரி. டவுனுக்குள்ளும் ஜங்ஷனுக்குள்ளும் மட்டுமே உருட்டப்படும் வண்டியில் கரி படிந்து அந்த இதழ்கள் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் அளவுக்கு மீறுவதைக் கண்ட கணினி, எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டதும் பழைய கணக்கை மறந்து மறுபடி ஓட்டுகிறது.

எஞ்சின் ஆறிய பிறகு ஆக்சுவேட்டர் கம்பியைக் கையால் அசைக்க முடிந்தால் அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். நடுவில் சிக்கினால் டர்போவைக் கழற்றி, கரியைச் சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகள் பிழைத்துவிடும். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது வள்ளியூர் வரை நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வாருங்கள். காவல்கிணறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றும் அந்த எதிர்க்காற்றில் ஓட்டினால் எஞ்சினுக்குச் சரியான உடற்பயிற்சி.

புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் இதே கரி சேரும். அதன் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே. சுத்தம் செய்யும்போது இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

கறுப்பு: காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளை: காலையில் மட்டும் வந்து மறைந்தால் எரியாத டீசல், சூடான பிறகும் நிற்காமல் வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தகடு).

நீலப்புகையிலும் ஒரு நுட்பம் உண்டு. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் ஒரு குப்பென்று நீலம் வந்தால் டர்போ சீலாகவோ வால்வு சீலாகவோ இருக்கலாம். ஓடும் நேரமெல்லாம் நீலமாக இருந்தால் பிஸ்டன் ரிங் வரை யோசிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகைவண்டி மாதிரி புஸ்புஸ்ஸென்று தள்ளினால் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.

இன்டர்கூலர் குழாயில் எண்ணெய் கசிகிறது. பயப்பட வேண்டுமா?

உள்ளே கை விட்டால் விரலில் பளபளப்பாக ஒட்டும் அளவு என்றால் வேண்டாம். எஞ்சினின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய், காற்றுக் குழாயோடுதான் சேருகிறது. சிறிது எண்ணெய் ஆவி வரத்தான் செய்யும். குழாயைக் கவிழ்த்தால் ஊற்றும் அளவு என்றால் கவலைப்பட வேண்டும்.

அப்போதும் டர்போவைப் பழிக்கும் முன் இரண்டைப் பாருங்கள். பிரீதர் அடைத்திருக்கிறதா? டர்போவிலிருந்து எண்ணெய் கீழே இறங்கும் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருக்கிறதா? அந்த எண்ணெய் தானாக வடிந்துதான் இறங்குகிறது. பம்ப் எதுவும் அதை இழுப்பதில்லை. இறங்க வழியில்லாத எண்ணெய் சீலைத் தாண்டி வெளியே வருகிறது. சீல் மீது குற்றமில்லை.

கழற்றாமல் டர்போவைச் சோதிக்க முடியுமா?

முடியும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். காற்று உள்ளே நுழையும் பக்கத்து ஹோஸைக் கழற்றினால் விசிறியும் அதன் நடுவில் ஒரு சிறு நட்டும் தெரியும். நட்டை இரு விரலால் பிடித்துச் சுற்றுங்கள். வெண்ணெய் போல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் அசையுங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பே. எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் "டக் டக்" என்று கைக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் டர்போவின் கதை முடியப் போகிறது என்று பொருள்.

பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். விசிறி இதழ்களின் ஓரம் கத்தி போல நேராக இருக்கிறதா, எலி கடித்தது போல இருக்கிறதா? சுற்றுச்சுவரில் வட்டமாகக் கீறல் இருக்கிறதா? எலி கடித்த ஓரம் என்றால் மணல் உள்ளே போயிருக்கிறது. விற்பவர் என்ன சொன்னாலும் இந்தச் சாட்சிக்கு முன் நிற்காது.

நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் ஓடவிட வேண்டுமா?

கன்னியாகுமரியிலிருந்து விரட்டி வந்து, வாசலில் நின்றதும் சாவியைத் திருப்பினால், சுட்டுக்கொண்டிருக்கும் டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் அப்படியே நின்றுவிடும். அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல் எண்ணெய் என்ன ஆகும்? கருகி அடையாக ஒட்டும். பேரிங்கிலும் அதுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டால் போதும். கடைசித் தெருக்களை மெதுவாக ஓட்டி வந்திருந்தால் அதுவும் தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்த நொடியே ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவதும் இதே அளவு கெடுதல். மேலே எண்ணெய் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும்.

ஆயிலைப் பற்றி என் பிடிவாதம்: கையேடு 10,000 கிலோமீட்டர் என்றால் நான் 7,500இல் மாற்றுகிறேன். வீட்டில் கஞ்சத்தனம் செய்ய எத்தனையோ இடம் இருக்கிறது; இங்கே வேண்டாம்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் தானாகவே வேகமெடுத்தால்?

அரிது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். டர்போ சீல் முழுவதும் போய்விட்டால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓடத் தொடங்கும். சாவியால் டீசலைத்தான் நிறுத்த முடியும். ஆயிலை நிறுத்த முடியாது. ஊரே மறையும் அளவு வெண்புகையும் நீலப்புகையும் வரும்.

வண்டி நின்றிருந்தால், பிரேக்கை முழுப் பலத்துடன் அழுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்து, கடைசி கியரைப் போட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். அது முடியவில்லை என்றால் இறங்கி ஆட்களை விலக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காற்று போகும் வாயைக் கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

வெயிலில் சூடு ஏறுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் அதில் என்ன ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான். ஆனால் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிகிறது. முன்பு வைத்திருந்தவர் வழிநெடுகக் குடத்துத் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருந்தால் உள்ளே பாதி அடைத்திருக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும்.

அடுத்து, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்து. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இரண்டையும் சற்றே விலக்கிப் பார்த்தால் செம்மண்ணும் பூச்சியும் பஞ்சும் கம்பளி போல ஒட்டியிருக்கும். என் வண்டியில் அதை எடுத்தபோது ஒரு தேங்காய் அளவு இருந்தது. பிறகு விசிறி: பல வண்டிகளில் அதற்கு இரண்டு வேகம். மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால், சூடு எல்லை மீறிய பிறகுதான் விசிறி அலறிக்கொண்டு ஓடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். கூலன்ட் டப்பாவில் நிற்காமல் குமிழி வந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் போல் படிந்திருந்தாலோ ஹெட் கேஸ்கட்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். இதனால் முகம் வெந்தவரை எனக்குத் தெரியும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியவில்லை.

பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் பெல்ட் இது. தெரியவில்லை என்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். பெல்ட் அறுந்தால் இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சினா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது.

குளோ பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக். நம் ஊரில் மார்கழியிலும் குளிர் பெரிதாக இல்லாததால், நான்கில் இரண்டு செத்திருந்தாலும் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. மலிவான வேலைதான். ஆனால் துருப்பிடித்த பிளக்கைப் பலமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். எஞ்சினைச் சூடாக்கி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்றுபவரிடம் கொடுங்கள்.

நியூட்ரலில் கடகடவென்று ஓசை; கிளட்ச்சை மிதித்தால் ஓசை மாறுகிறது.

எஞ்சின் அதிர்வைத் தாங்கும் இரட்டைத் தட்டு ஃபிளைவீல் உள்ள வண்டி என்றால் அதுவாக இருக்கலாம். கிளட்ச் பேரிங்காகவும் இருக்கலாம். முதல் வகை செலவு அதிகம். விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.

வேகனுக்கென்றே வரும் கோளாறுகள் உண்டா?

உண்டு. பட்டறைகளில் இவற்றை யாரும் மதிப்பதே இல்லை.

பின்கதவைத் தாங்கும் வாயுத் தண்டுகள் வலுவிழந்து, நீங்கள் குனிந்து மூட்டை எடுக்கும்போது கதவு தலையில் விழும். நான் 6 மாதம் ஒரு மூங்கில் கழியை வைத்து ஓட்டினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்து, கூரையிலிருந்து பின்கதவுக்குப் போகும் ஒயர்கள். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, ரப்பர் உறைக்குள்ளேயே அறுந்துபோகும். பின் வைப்பர் ஓடாது. நம்பர் பிளேட் விளக்கு எரியாது. சில நாள் பூட்டும் வேலை செய்யாது. எலக்ட்ரீசியன்கள் ஃபியூஸையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ரப்பர் உறையை இழுத்துப் பாருங்கள்.

பின் ஸ்பிரிங் தாழ்ந்துவிட்டதா என்று தட்டையான தரையில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இடம் இருக்கிறதே என்று வாழைத்தாரும் உரமூட்டையும் ஏற்றிய வண்டி, பின்பக்கம் குந்தியே நிற்கும்.

தேரி மண்ணும் கடல் காற்றும் என்ன செய்யும்?

சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரியின் செம்மணல் மாவு போல நுண்மையானது. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் உடைந்து, மெக்கானிக் அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தால், அந்தச் சந்து போதும் டர்போ விசிறியைத் தின்ன. ஃபில்டருக்கு அப்பால், சுத்தமான காற்று போகும் பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் விலை குறைய வேண்டும், அல்லது நீங்கள் திரும்ப வேண்டும்.

உவரி, கூடங்குளம், தூத்துக்குடி வண்டிகளில் துருவைக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். இன்டர்கூலரின் அலுமினிய இதழ்கள் தொட்டால் உதிர்ந்தால், கடலோரத்தில் நின்ற வண்டி என்று அர்த்தம்.

2023 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதில் வியப்பில்லை.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் பகுதியில் வண்டல் கோடு தெரியும். பின்தரையைத் தூக்கி, ஸ்டெப்னிக் குழி இருந்தால் அதன் மூலையை விரலால் தடவுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். டர்போ வண்டியில் ஆபத்து கூடுதல். இன்டர்கூலர் கீழே இருப்பதால் தண்ணீர் அங்கே தேங்கும். அதோடு ஸ்டார்ட் செய்திருந்தால், அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ஓடும், ஆனால் அதிர்ந்துகொண்டே ஓடும்.

டர்போவை மாற்றியே தீர வேண்டும் என்றால்?

மாற்றுங்கள். ஆனால் எண்ணெய் மேலே போகும் குழாயைப் புதிதாகப் போடுங்கள்; ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்; இன்டர்கூலரில் தேங்கிய பழைய எண்ணெயையும் உடைந்த துணுக்குகளையும் கழுவி எடுங்கள். மாட்டும்போது டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிற்க விடாத பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ஆர்.சி.யில் என்ன பார்க்க வேண்டும்?

15 ஆண்டு முடிந்த வண்டி என்றால் 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஏட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிப் போட்ட வண்டிகள் உண்டு.

வண்டி பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

டார்ச், ஒரு வெள்ளைத் துணி, கீழே படுக்க ஒரு பழைய சாக்கு. முதல் நாளே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்தபடியே போனட் மீது கையை வையுங்கள். சூடாக இருந்தால், காலைப் புகையை உங்களுக்கு முன்பே விரட்டிவிட்டார்கள். சண்டை போட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துப் போங்கள்.